வளாகம் மூடிய நாட்களில் வகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. றோட்டு உடைந்து, கரண்ட் இல்லாமல், வளாகம் மூடிக் கிடக்கும்போது பல்கலைக்கழகப் படிப்பை எப்படித் தொடர்வது? நான் யாழ்ப்பாணத்தில் 1988இல் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, 2025இல் ஓய்வு பெறும்வரை இரசாயனவியல் படிப்பித்தவள். யுத்தம், இடப்பெயர்வு, கொவிட், பெற்றோல் இல்லாத 2022 என்று வளாகம் மூடிய காலங்கள் என் வேலைக்காலம் முழுக்க வந்துகொண்டே இருந்தன. ஆகவே இந்த மாதப் பக்கத்தை இந்தக் கேள்விகளுக்கே தந்துவிடுகிறேன். சமையல் எரிவாயு பற்றியும் வாடகை ஒப்பந்தம் பற்றியும் எழுதியவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் துறையில் ‘கலப்புக் கற்றல்’ (நேர் வகுப்பையும் இணைய வழியையும் கலந்து படிப்பிப்பது) திட்டம் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இடர் வந்தால் சூமில் விரிவுரை எடுப்போம் என்று எழுதினால் போதுமா?
— இளம் விரிவுரையாளர், கிழக்கு மாகாணம்

பதில்: போதாது தம்பி. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டாம் வருடத்துக்குப் பௌதிக இரசாயனம் எடுக்க ஆரம்பித்தேன். மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் பேசுவதை அப்படியே சூமில் பேசினேன். கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் தெரிந்தன. பெயர் தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஐந்தாம் கிழமை ஒப்படை வாங்கும்போது 64 பேரில் 19 பேரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை.

அன்று பின்னேரம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். முல்லைத்தீவுப் பக்கப் பெடியன் ஒருவன் குளக்கட்டுக்கு நடந்து போனால்தான் சிக்னல் கிடைக்கும் என்றான். அங்கேயும் அத்தானின் ஃபோனில்தான் கேட்கவேண்டும், அதுவும் அவர் வேலைக்குப் போகாத நாளில். ஒரு பிள்ளையின் வீட்டில் ஒரே ஃபோன், பள்ளிக்கூடம் போகும் தம்பிமார் இருவர். அவர்களுக்கும் அதே நேரம் வகுப்பு. இன்னொருத்தி சூமில் சேர்ந்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை. தகப்பன் படுக்கையில் கிடந்தார். நான் ஐந்து கிழமையாக யாருக்குப் படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு கிழமையும் குரல் கேட்காத பிள்ளைகளின் பெயரையும் காரணத்தையும் எழுத ஆரம்பித்தேன். ஓய்வு பெறும்போது அப்படி ஏழு கொப்பிகள் சேர்ந்திருந்தன.

மண்டபத்தில் செய்ததை அப்படியே திரைக்கு மாற்றுவதற்கு அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் 2020 மார்ச்சிலேயே ‘அவசரத் தொலைக் கற்பித்தல்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். திட்டமிட்ட இணையக் கல்வியோடு இதைப் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். கலப்புக் கற்றலுக்கோ முன்கூட்டியே ஒரு முடிவு எடுக்கவேண்டும். எந்த மணித்தியாலத்துக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கவேண்டும், எதற்கு வேண்டாம் என்ற முடிவு.

மூன்று திறமைப் புள்ளி (கிரெடிட்) உள்ள ஒரு பாடத்துக்கு 45 மணித்தியாலம் என்று வையுங்கள். என் பாடத்தில் அதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது ஏறக்குறைய 20 மணித்தியாலம் நான் தகவல் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அதைத் தாளிலும் குரல்பதிவிலும் கொடுத்துவிடலாம். பிள்ளை தனக்கு வசதியான நேரத்தில் படிப்பாள். இன்னுமொரு 15 மணித்தியாலம் கணக்குச் செய்து, பிழைவிட்டு, திருத்துகிற நேரம். அதற்கு நான் நேரடியாக இருக்கவேண்டும், ஆனால் 64 பேரோடு அல்ல, 12, 13 பேர் கொண்ட குழுக்களோடு. மிச்சம் 10 மணித்தியாலம் அவர்கள் வளாகத்துக்கு வந்தேயாகவேண்டிய நேரம். உங்கள் பாடத்துக்கு இந்தக் கணக்கு வேறாக வரும். அந்தக் கணக்கைப் போட்டுத் திட்டத்தின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். சூமா வேறொன்றா என்பதைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியதே இந்த முறையில்தான். அச்சிட்ட பாடநூலை வீட்டில் படித்துவிட்டு, ‘டே ஸ்கூல்’ நாளில் மட்டும் நிலையத்துக்குப் போவார்கள். என் தமையன் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்துகொண்டே அப்படித்தான் பட்டம் எடுத்தார். பஸ்ஸில் போகும்போது பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் கேள்விகளை எழுதிக்கொண்டு போவார். கேள்வியோடு போகிறவருக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

கேள்வி: மேடம், எங்கள் ஊருக்கு வரும் றோட்டை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. இரண்டு கிழமை கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த இரண்டு கிழமையும் வகுப்பு நடந்திருக்கிறது. பதிவுகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியால வீடியோ. டேட்டாவுக்குக் காசில்லை. நான் என்ன செய்ய?
— மாணவி, பதுளை மாவட்டம்

பதில்: பிள்ளை, முதலில் நீங்களும் வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா என்பதை எழுதவில்லையே. அதையும் எழுதுங்கள்.

அந்த வீடியோக்களை முழுக்கப் பார்க்க முயலாதீர்கள். குழுவாக நடந்த சூம் வகுப்பின் ஒரு மணித்தியால வீடியோ ஒரு ஜி.பி. வரை போகும். அதே விரிவுரையைக் குரலாக மட்டும், பேச்சுக்குப் போதுமான தரத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 எம்.பி.கூட வராது. இதை உங்கள் விரிவுரையாளரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: “குரலை மட்டும் பிரித்து வட்ஸ்அப்பில் போடமுடியுமா? கரும்பலகையில் எழுதியதைப் படம் பிடித்து அதோடு சேர்க்கமுடியுமா?” பிரித்தெடுக்க ஐந்து நிமிடம் போதும். கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். எனக்கே ஒரு மாணவி கேட்ட பிறகுதான் இது உறைத்தது. அதன்பிறகு நான் வீடியோ எடுப்பதையே குறைத்துவிட்டு, 20 நிமிடக் குரல்பதிவும் கையால் எழுதிய நாலு பக்கக் குறிப்பும் அனுப்பத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்குப் பதிவேன். பின்னணியில் சேவல் கூவுவது கேட்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

2020இல் பல்கலைக்கழகங்களின் எல்.எம்.எஸ். தளங்களுக்கு (பாடக் குறிப்புகளையும் ஒப்படைகளையும் ஏற்றும் இணையத் தளங்கள்) தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாக் கட்டணம் அறவிடாமல் விட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு வழியாக அந்த ஏற்பாடு நடந்தது. சூமும் அதன் வழியாகக் கிடைத்தது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் படிப்பு அதனால் தப்பியது. அதே ஏற்பாடு இப்போது உங்களுக்கு இருக்கிறதா என்று பீடத்தின் கணினி அலகில் கேளுங்கள். இல்லையென்றால் மாணவர் ஒன்றியம் வழியாகக் கேட்கவேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி, சிக்னலே இல்லாத நாட்கள். அதற்கு இணையத்தில் பதில் இல்லை. 2022இல் மின்வெட்டு நீண்டபோது கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்து சிக்னலும் போய்விடும். கையில் முழுச் சார்ஜ் இருந்தும் பயனில்லை. அப்போது ஒரு பாடத்தின் மூன்று கிழமைக்குரிய குறிப்பு, கணக்கு, விடை எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தைத்து, கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் போகும் பஸ் கொண்டக்டர்மாரிடம் கொடுத்துவிட்டோம். தாள் தட்டுப்பாடான காலம். பழைய விடைத்தாள்களின் வெறும் பக்கத்தில்தான் அச்சிட்டோம். உங்கள் ஊருக்குப் பஸ் வரத் தொடங்கியதும் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இப்படி ஒரு கட்டுக் கேளுங்கள். விட்டுப்போன இரண்டு கிழமைக்குரிய ஒப்படைக்குத் தவணை கேட்டு இன்றைக்கே கடிதம் எழுதுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலை அதோடு இணையுங்கள். பிறகு எழுதலாம் என்று விடவேண்டாம்.

கேள்வி: இணைய வகுப்பில் கமெராவைக் கட்டாயம் போடச் சொல்வது சரியா?
— வாசகர், கொக்குவில்

பதில்: சரியில்லை. சில வீடுகளில் பிள்ளைக்குப் பின்னால் சுவர் இருக்காது, தகரமும் தறப்பாளும் இருக்கும். அதை 60 பேருக்குக் காட்டச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. டேட்டாவும் பல மடங்கு போகும். ஆள் இருக்கிறதா என்று தெரியவேண்டுமென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டு, விடையைத் தட்டச்சுச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: விரிவுரையை எப்படியாவது நடத்திவிடலாம். செய்முறை? ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானப் பட்டம் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா? நீங்களும் விஞ்ஞான ஆசிரியை என்பதால் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற அதிபர், வல்வெட்டித்துறை

பதில்: ஐயா, ஆய்வுகூடத்தில் கை வைக்காத ஒருவருக்கு இரசாயனப் பட்டம் கொடுக்கக்கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். நியமிப்பில் (ஒரு கரைசலை இன்னொன்றுக்குள் துளித்துளியாக விட்டு அளக்கும் ‘டைட்ரேஷன்’) கடைசித் துளி விழும்போது, நிறம் காட்டும் பினோத்தலினின் இளஞ்சிவப்பு ஒரு கணம் வந்து மறையும், அடுத்த துளியில் நிலைக்கும். அளவியின் (பியூரெட்) திருகைப் பிடித்திருக்கும் விரலுக்கு அது தெரியவேண்டும். திரையில் ஆயிரம் தரம் பார்த்தாலும் விரலுக்கு வராது.

ஆனால் ஒரு செய்முறை வகுப்பின் மூன்று மணித்தியாலத்திலும் விரல் வேலை எவ்வளவு நேரம் நடக்கிறது? 2022இல் நான் கடிகாரம் வைத்துக் குறித்துப் பார்த்தேன். முதல் 50 நிமிடம் நான் விளக்குகிறேன். தராசுக்கு வரிசையில் நிற்பதில் அரை மணித்தியாலம் போகிறது. கடைசி 40 நிமிடம் கணக்குச் செய்து அறிக்கை எழுதுகிறார்கள். கைவேலைக்கு மிஞ்சுவது ஒரு மணித்தியாலம்.

அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. மறுநாள் நள்ளிரவோடு அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்துவிட்டோம். மகாபொல உதவித்தொகை அப்போது மாதம் 5,000 ரூபா. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை மன்னாரிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் மூன்று மணித்தியாலச் செய்முறைக்கு வந்து போகமுடியுமா?

துறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து 12 செய்முறைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மூன்றில் கணக்குத்தான் முக்கியம், கருவி வேலை சொற்பம். அவற்றுக்கு முந்தைய வருடங்களின் உண்மையான அளவீடுகளை, பிழையான அளவீடுகள் உட்பட, பிள்ளைகளுக்குக் கொடுத்து வீட்டிலேயே ஆராயச் சொன்னோம். மிச்சம் ஒன்பதுக்கும் தயாரிப்பு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினோம். என் ஃபோனை ஆய்வுகூடத் தாங்கியில் றப்பர் பட்டியால் கட்டி, குழாயியை (பிப்பெட்) எப்படிப் பிடிப்பது, அளவியின் வாசிப்பைக் கண்மட்டத்தில் எப்படி எடுப்பது என்று இரண்டு, மூன்று நிமிடத் துண்டுகளாகப் படம் பிடித்தோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ உருவகப்படுத்தல்களில் சிலவற்றையும் சேர்த்தோம். அவற்றைத் தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்பது பெரிய உதவி. கொப்பியில் நோக்கம், முறை, அட்டவணை எல்லாம் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் வளாகத்துக்கு வரலாம்.

பிறகு 20 பேர் கொண்ட குழுக்களாக விடுதியில் தங்கவைத்தோம். ஒரு நாளைக்கு இரண்டு செய்முறை, ஒரு குழுவுக்கு ஐந்து நாள். மூன்று குழுவுக்கும் மூன்று கிழமையில் முடிந்தது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் எந்தச் செய்முறை எந்த நேரம் என்று போட்டோம். நியமிப்புக்கு மின்சாரம் வேண்டாம், நிறமானிக்கு வேண்டும். ஆய்வுகூட உதவியாளர்கள் இருவரும் கோப்பாயிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும் சைக்கிளில் வந்தார்கள். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் திட்டம் தாளோடு நின்றிருக்கும். ஆனால் பல்கலைக்கழகங்களின் இடர்காலத் திட்டங்களில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

முடிவில் அந்தப் பிள்ளைகளின் கைவேலை முந்தைய வருடப் பிள்ளைகளை விடக் குறைவாக இருக்கவில்லை. நியமிப்பில் நன்றாகவே செய்தார்கள் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் ஐந்து நாளும் தொடர்ந்து செய்தார்கள். கிழமைக்கு ஒரு தரம் செய்து மறக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். களைத்துப் போனார்கள். நாலாம் நாள் பின்னேரம் கண்ணாடிப் பொருட்கள் உடைந்தது அதிகம். இன்றைக்கு மறுபடி செய்வதென்றால் நாலாம் நாள் பின்னேரத்தை ஓய்வாக விட்டு ஆறு நாளாக்குவேன்.

கேள்வி: இணையவழிப் பரீட்சையில் எல்லோரும் பார்த்து எழுதுகிறார்கள். அந்தப் புள்ளிக்கு என்ன பெறுமதி?
— மூன்றாம் வருட மாணவன், பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நீங்கள் பார்த்து எழுதாமல் குறைந்த புள்ளி எடுத்ததால் வந்த வேதனை கடிதத்தில் தெரிகிறது. அது நியாயமான வேதனை.

பிழை கேள்வித்தாளிலும் இருக்கிறது. மண்டபத்தில் கேட்ட ‘வரைவிலக்கணம் தருக’ என்ற கேள்வியை வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டால் புத்தகத்தைத் திறக்கத்தான் செய்வாள். நான் மாற்றிய விதம் இது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம் என்று முதலே சொல்லிவிட்டேன். ஒவ்வொருவருடைய சுட்டெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தையும் அவரவர் கணக்கின் செறிவாக வைத்தேன்; 47 என்று முடிகிற பிள்ளைக்கு 0.47. ஆகவே 64 பேருக்கும் விடை வேறு வேறு. மூன்று மணித்தியாலத்துக்குப் பதில் 24 மணித்தியாலம் கொடுத்தேன்; மின்வெட்டு யாருக்கு எப்போது வரும் என்று தெரியாதே. அதன் பிறகு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, “மூன்றாம் படியில் ஏன் மடக்கை எடுத்தீர்கள்?” என்பது போல் பத்து நிமிடம் கேட்டேன். 64 பேருக்கு ஏறக்குறைய 11 மணித்தியாலம். நாலு பின்னேரத்தில் முடிந்தது. விடைத்தாளைப் பார்த்து எழுதியவர் யார் என்பது மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். சாதாரண ஃபோன் போதும், இணையமும் வேண்டாம். 300 பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் இப்படிக் கேட்க ஒருவரால் முடியாது. துறையே பங்குபோட்டுக்கொள்ளவேண்டும்.

கேள்வி: நான் மீன்பிடித் தொழிலாளி. மகள் முதலாம் வருடம். மடிக்கணினி வேண்டும் என்கிறாள். கடன் எடுத்து வாங்கட்டுமா?
— தகப்பன், மன்னார்

பதில்: ஐயா, அவசரப்பட்டு வட்டிக்கு எடுக்கவேண்டாம். எந்தப் பீடம் என்று நீங்கள் எழுதவில்லை. கலைப் பீடமென்றால் முதல் வருடத்தை ஒரு நல்ல ஃபோனோடு ஓட்டலாம். கட்டுரை தட்டச்சு செய்ய வளாக நூலகத்துக் கணினி உண்டு. பொறியியல், கணினி என்றால் தேவைப்படும். அப்படியென்றாலும் பாவித்த கணினி ஒன்றைத் தெரிந்த ஆளைக் கொண்டு பார்த்து வாங்குங்கள். அதைவிட முதலில் செய்யவேண்டியது வேறு: வகுப்பு நேரத்தில் அவளுக்கென்று ஒரு மூலையும், யாரும் கூப்பிட்டு வேலை சொல்லாத இரண்டு மணித்தியாலமும் வேண்டும். நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் கரண்டும் காசும் இல்லாத எங்கள் நாட்டுப் பாடு. வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்குமா?
— வாசகர், திருகோணமலை

பதில்: நடந்திருக்கிறது. 2011 பெப்ரவரி 22ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. 185 பேர் இறந்தார்கள். அங்கே உள்ள கன்ரபரி பல்கலைக்கழகத்தின் கட்டடங்களைச் சோதித்து முடிக்கும்வரை உள்ளே போகமுடியாது. அவர்கள் வாகனத் தரிப்பிடங்களில் பெரிய கூடாரங்களை அடித்து அங்கே விரிவுரை நடத்தினார்கள். மிச்சத்தை இணையத்தில் கொடுத்தார்கள். நல்ல இணையம் இருந்த நாட்டிலேயே கூடாரமும் தேவைப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. வீடு உடைந்த பிள்ளைக்குப் பாடக் குறிப்பு மட்டும் போதாது, மற்றப் பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகங்கள் எல்.எம்.எஸ். என்று பாவிக்கும் ‘மூடில்’ 2002இல் வெளிவந்தது. அதை ஆக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் வானொலியில் படித்த பிள்ளை. கட்டணம் கேட்காமல் அவர் அந்த மென்பொருளைத் திறந்து கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வானொலிப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

கேள்வி: நான் 1991 தொடக்கம் உங்களிடம் படித்தவன். கரண்டே இல்லாத அந்த வருடங்களில் எங்களைப் படிப்பித்து முடித்தீர்கள். இப்போது இத்தனை கருவி இருந்தும் ஏன் இவ்வளவு கஷ்டம்?
— பழைய மாணவன், ரொறன்ரோ

பதில்: கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, தம்பி. உங்கள் செய்முறைக் கொப்பி எனக்கு இன்னும் ஞாபகம்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தீர்கள். செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவிட்டோம். என் குறிப்புகளை நாலு பேர் மாறி மாறிக் கையால் பிரதி எடுப்பீர்கள். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து வந்த பிள்ளைகள் ஒரு முறை வந்தால் மாதக்கணக்கில் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். ஆகவே அவர்கள் நின்ற நாட்களில் செய்முறைகளை அடுக்கடுக்காக வைத்தோம். 2022இல் எனக்கு ஐந்து நாள் ஏற்பாடு தோன்றியது அந்த ஞாபகத்தில்தான்.

ஆனால் ‘படிப்பித்து முடித்தீர்கள்’ என்று நீங்கள் எழுதியது முழு உண்மை இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோமே, அதன் பிறகு மீசாலையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் ஐந்து பேருக்கு வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பில் அதற்கு முன்பு 31 பேர். மிச்சம் 26 பேரில் சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் கொழும்புக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. சிலரைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று அவர்களைத் தேட எனக்கு வழி இருக்கவில்லை. இப்போது ஒரு ஃபோன் அழைப்புத் தூரம். அதனால்தான் இப்போது ஒரு பிள்ளை பேசாமல் விடுபட்டுப் போனால் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருக்கிறது. கஷ்டம் கருவியில் இல்லை என்று நினைக்கிறேன். அன்று யார் வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஊரே விசாரிக்கும். திரையில் அது தெரிவதில்லை, யாராவது உட்கார்ந்து எண்ணவேண்டியிருக்கிறது.

கேள்வி: 2022இல் மூன்றாம் வருடத்தோடு விட்டுவிட்டேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இணைய வகுப்புக்கு டேட்டா போட முடியவில்லை, வளாகம் திறந்தபோது பஸ் காசும் இல்லை. கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறேன். யாரும் என்னைத் தேடவில்லை. இனித் திரும்பிப் போகமுடியுமா?
— 26 வயது, வெள்ளவத்தை

பதில்: தேடாதது எங்கள் பிழை, பிள்ளை. உங்களுடையது இல்லை.

முயற்சி செய்யவேண்டும், சுணங்கவும் கூடாது. பட்டத்தை முடிப்பதற்கு உச்ச வருட எல்லை ஒன்று உண்டு. பீடத்துக்குப் பீடம் விதி வேறு. முதலில் பீட அலுவலகத்தில் உதவிப் பதிவாளரிடம் உங்கள் பதிவு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். நேரில் போக லீவு கிடைக்காவிட்டால் தொலைபேசியில் கேட்கலாம். சித்தியடைந்த பாடங்களின் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். பிறகு பீடாதிபதிக்கு ஒரு கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: அப்பா வேலை இழந்த மாதம், வகுப்புக்கு வரமுடியாமல் போன மாதம். முடிந்தால் அப்பா வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதமும் இணையுங்கள். கடை முதலாளி மாதத்தில் சில நாட்கள் விடுவாரா என்பதையும் கேட்டு வையுங்கள். எந்தப் பாடங்களுக்கு நேரில் வந்தேயாகவேண்டும், எவற்றைக் கொழும்பில் இருந்துகொண்டே படிக்கலாம் என்று துறைத் தலைவரோடு பேசும்போது அது தேவைப்படும்.

அந்தப் பேச்சுக்கு நீங்கள் தனியாகப் போகவேண்டாம். உங்கள் பீடத்தையும் கடைசியாகப் பரீட்சை எழுதிய வருடத்தையும் பத்திரிகை முகவரிக்கு எழுதி அனுப்புங்கள், உறையின் மேல் என் பக்கத்தின் பெயரைப் போட்டு. கடிதத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.